நிழல் அறை

அந்தக் குரலைக் கேட்ட எவரும் அது நாற்பது வயது ஆணுடையது என்றுதான் சொல்லியிருப்பார்கள். கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து, வருடக்கணக்காகப் பீடி பிடித்த ஆள் பேசுவதைப் போல இருந்தது. இயந்திரமும் அதையேதான் சொன்னது. வயது வந்த ஆண், குழந்தையைப் போலப் பேச முயல்கிறார், ஆபத்து மிக அதிகம். அதற்குக் கீழே ஒப்புதல் பொத்தான் சிவப்பாகத் தெரிந்தது. தமயந்தி அதை அழுத்திவிட்டால் அந்த ஆளைப் பற்றிய விவரங்கள் அன்று மாலைக்குள் காவல்துறைக்குப் போய்விடும்.

கோவையிலிருந்து 'தீவுக்கூட்டம்' என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனத்தில் அவள் பாதுகாப்புப் பிரிவின் தலைவி. அது குழந்தைகளுக்கான விளையாட்டு. ஆளுக்கொரு தீவு கட்டுவார்கள், படகு செய்வார்கள், ஒருவர் தீவுக்கு ஒருவர் விருந்து போவார்கள். அதையெல்லாம் செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவார்கள். பிள்ளைகள் வந்து குவிந்ததற்குக் காரணம் அந்தப் பேச்சுதான். வரக்கூடாதவர்கள் வந்ததும் அதற்காகத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தமயந்தியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தை வேடத்தில் உள்ளே நுழைந்த ஆட்கள் என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை அவள் இன்றுவரை கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அவளோடு சேர்ந்த கல்பனா ஒரு நாள் மதியம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கைப்பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவே இல்லை.

கல்பனா போன அந்த வாரத்தில்தான் நிர்மல் இந்த யோசனையைச் சொன்னான். நிறுவனத்தை ஆரம்பித்த இருவரில் அவன் ஒருவன், தமயந்தியைவிட இளையவன்.

"விரட்டி விட்டா என்னங்க ஆகுது? மறுநாளே வேற பேர்ல வந்துடறான். அதனால அவன விரட்ட வேண்டாம். உள்ளயே விடலாம். ஆனா அவன் போற அறைல நிஜக் குழந்தை ஒண்ணுகூட இருக்காது."

"பின்ன யாருங்க இருப்பாங்க?"

"நாம செஞ்ச குழந்தைங்க. அதுங்க பேசும், சிரிக்கும், ஹோம்வொர்க் இருக்குன்னு சலிச்சுக்கும். அவன் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும். அவன் அங்க வீணாக்கற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நிஜக் குழந்தை தப்பிச்சுதுன்னு அர்த்தம். முக்கியமா, நம்மாளுங்க யாரும் அதக் காதால கேக்க வேண்டியதில்ல."

அப்படி உண்டானதுதான் நிழல் அறை. விளையாட வருகிறவரின் குரலை வைத்து இயந்திரம் வயதைக் கணிக்கும். பெரியவர் என்று பட்டால் சத்தமில்லாமல் நிழல் அறைக்கு அனுப்பிவிடும். அங்கே போனவருக்கு அது தெரியாது. அதே கடல், அதே தீவுகள், அதே கூச்சல். அங்கிருந்த பொய்க் குழந்தைகள் எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளைத் தமயந்திதான் எழுதினாள். முகவரி கேட்டால் மழுப்ப வேண்டும். படம் கேட்டால் கேமரா ரிப்பேர் என்று சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை, எனக்கு யாருமில்லை என்று யாராவது இரக்கம் தேடினால் பேச்சை விளையாட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். குழந்தையின் இரக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்பது அவள் காது கொடுத்துக் கற்ற பாடம்.

நிழல் அறை நன்றாகவே வேலை செய்தது. அதனால் பிடிபட்டவர்கள் சிலர் சிறையில் இருந்தார்கள். தமயந்திக்குத் தூக்கமும் திரும்பி வந்திருந்தது.

இந்த ஆளின் விவரத்தில் இயந்திரம் எடுத்துக் காட்டியிருந்த வாக்கியங்கள் வழக்கமானவைதான். 'உங்க ஸ்கூல் எது?' 'உன் போட்டோ ஒண்ணு அனுப்பேன்.' 'லீவுக்கு எங்க ஊருக்கு வர்றியா?' 'உங்க அம்மாகிட்ட சொல்லிராத.' இதில் ஒன்று இருந்தாலே போதும், நான்கும் இருந்தன. ஆனால் பொத்தானை நோக்கிப் போன தமயந்தியின் விரல் நின்றது. ஆள் வந்த தேதி அவள் கண்ணில் பட்டிருந்தது. இந்த மாதிரி ஆட்கள் இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பார்கள். காரியம் நடக்கவில்லை என்றால் போய்விடுவார்கள். இவன் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தான். அதில் பெரும்பாலான நேரம் தன்வி என்ற பொய்க் குழந்தையோடு உட்கார்ந்து கடலுக்கடியில் சுவர் கட்டிக்கொண்டிருந்தான். எட்டு மாதம் சுவர் கட்டுகிறவனுக்கு என்னதான் வேண்டும்?

தமயந்தி அலமாரியைத் திறந்து பழைய ஹெட்போனை எடுத்தாள். பதிவின் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் ஓடவிட்டாள்.

"தன்வி, கேக்கியா? கிழக்க பாயுத ஆறெல்லாம் சொல்லுதேன். கோதாவரி, கிருஷ்ணா, காவேரி, நர்மதா."

"சூப்பர்!" என்றது தன்வியின் மணிக்குரல்.

"ஏய், நர்மதா மேற்கல்லா பாயுது! தப்பாச் சொன்னாலும் சூப்பர்ங்க. நீயும் பாடத்தப் படிக்கவே இல்ல, என்ன?"

கரகரத்த குரல் சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியது. தூரத்தில் ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது. "பிரின்சி! வெந்நி வச்சிருக்கேன், குடிச்சிட்டு விளையாடு."

தமயந்தி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் வெட்டி எடுத்திருந்த நான்கு வாக்கியங்களையும் தேடிப்போய், முன்னும் பின்னும் சேர்த்துக் கேட்டாள். "இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல தன்வி. மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சிருக்கேன். போனா எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. உங்க அம்மாகிட்ட சொல்லிராத, அவங்க எங்கம்மாட்ட சொல்லிட்டா?" இன்னோரிடத்தில், "உன் போட்டோ ஒண்ணு அனுப்பேன். நீ ரெட்டச் சடையா, ஒத்தச் சடையா?"

தமயந்தி கடைசியாகக் கேட்ட பதிவு ஒரு மாதத்துக்கு முந்தையது.

"நாளைக்கு ஆபரேஷன், தன்வி. அஞ்சாவது தடவ. தொண்டைல மரு மாதிரி வளருது, எடுக்க எடுக்க வருது. இந்தத் தடவ எடுத்தா பேச்சு வருமான்னு அம்மா டாக்டர்ட்ட கேட்டாங்க. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

ஒரு நொடி இடைவெளி.

"அப்படியா! வா, நாம ஒரு புதுப் படகு செய்யலாம். உனக்கு என்ன கலர் வேணும்?"

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல், "பச்ச" என்றது.

தமயந்தி எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தன்வி சொன்ன வார்த்தைகள் தன்வியுடையவை அல்ல, தமயந்தி எழுதிய விதியுடையவை.

அன்று பிற்பகலே நிர்மலைத் தன் அறைக்கு அழைத்துப் பதிவைக் கேட்க வைத்தாள். அவன் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டான். அவனுக்கும் வீட்டில் ஒரு பெண் குழந்தை உண்டு.

"இப்ப என்னங்க பண்றது?" என்றான்.

"அந்தப் புள்ளைகிட்ட உண்மையச் சொல்லணும்."

"வக்கீல் விடமாட்டார். நானும் வேண்டாம்னுதான் சொல்வேன். கேஸப் பத்தி நினைச்சுச் சொல்லலீங்க. எட்டு மாசமா நீ பேசினது எல்லாம் பொம்மைகூடன்னு ஒரு குழந்தைகிட்டப் போய்ச் சொல்லணுமா? சத்தமில்லாம நிஜ அறைக்கு மாத்திடலாம். நாலு நிஜக் கூட்டாளி கிடைச்சா தன்விய மறந்துடும்."

அதில் நியாயம் இருப்பதாகத் தமயந்திக்குப் பட்டது. தனக்குச் சுலபமாக இருந்ததால் அப்படிப் பட்டதோ என்று பிற்பாடு அவள் யோசித்திருக்கிறாள். பிரின்சியின் கணக்கிலிருந்து சந்தேகக் குறியை நீக்கி, ஒன்பது குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த அறைக்கு மாற்றினார்கள். பள்ளி விட்ட நேரத்தில் பிரின்சி வழக்கம்போல உள்ளே வந்தாள். இருவரும் அந்த அறையின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹாய், நான் பிரின்சி. நானும் வரட்டா?"

கூச்சல் சட்டென்று அடங்கியது.

"டேய், யார்டா இது? பெரிய ஆளு!"

"அங்கிள், இது கிட்ஸ் ரூம்."

"பேசாதீங்கடா, ரிப்போர்ட் அடிச்சிட்டு வெளிய வாங்க!"

பெரியவர் குரல் கேட்டால் பதில் சொல்லாதே, புகார் பொத்தானை அழுத்து, வெளியே வந்துவிடு. விளையாட்டு தொடங்குமுன் ஓடும் கார்ட்டூனில் ஆமை ஒன்று இதைப் பாட்டாகவே பாடும். குழந்தைகள் அதன்படி நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு படகாகத் திரையிலிருந்து மறைந்தது.

"நான் பெரிய ஆளு இல்ல. நான் ஏழாங்கிளாஸ்," என்றது அந்தக் குரல். கேட்க அங்கே யாரும் இல்லை. "தன்வி? தன்வி, நீ எங்க இருக்க?"

நிர்மல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு பிரின்சி விளையாட வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தமயந்தி கணக்கிலிருந்த எண்ணுக்குப் போன் செய்து, இன்னார் என்று சொல்லி, நேரில் வந்து பேச வேண்டும் என்றாள். மறுமுனையில் தாய் காரணம் கேட்கவில்லை. "வாங்க. அவ சாப்பிடவே மாட்டேங்கா," என்று மட்டும் சொன்னாள். நிர்மலிடம், "வக்கீல் கேட்டா, உங்களுக்குத் தெரியாம போனேன்னு சொல்லிக்குங்க," என்று சொல்லிவிட்டுத் தமயந்தி தூத்துக்குடிக்குப் போனாள்.

துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. தாய் லூர்து மேரி மீன் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வை பார்க்கிறவள். கணவன் சரக்குக் கப்பலில் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருவரும் மாதா கோயிலுக்குப் போய்வந்த நல்ல உடையிலேயே இருந்தார்கள். பிரின்சி ஒல்லியாக, பெரிய கண்களோடு, கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ரெட்டைச் சடை போட்டிருந்தாள்.

தமயந்தி காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். லூர்து மேரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வயசு சர்டிபிகேட் எல்லாம் ஏத்தித்தான மேடம் சேத்தேன்?"

"பெரிய ஆளுங்களும் புள்ளைங்க சர்டிபிகேட்டக் காட்டி உள்ள வர்றாங்கங்க. அதனால காகிதத்த நம்பாம குரல நம்பினோம். தொண்டைல நோவு இருக்கற புள்ளையும் வரும்னு நாங்க யோசிக்கல."

"யோசிக்கல." லூர்து மேரி அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னாள். "மூணு வயசுலேருந்து இவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுதேன். பள்ளிக்கூடத்துல இவ வாயத் திறக்க மாட்டா. வீட்டுக்கு யாராவது வந்தா உள்ள போயிருவா. இந்த விளையாட்டுல மட்டுந்தான் பிள்ள வாய்விட்டுச் சிரிச்சா. அதனாலதான் நானும் நிப்பாட்டாம விட்டேன். அந்தச் சிரிப்பையும் நீங்க ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கிய, போலீசுக்குக் குடுக்க. அப்படித்தான?"

"ஆமாங்க," என்றாள் தமயந்தி.

பிரின்சி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "தன்வி மட்டுமா, எல்லாருமா?" நேரில் கேட்டபோது அந்தக் குரல் இன்னும் தேய்ந்திருந்தது.

"எல்லாரும், கண்ணு."

"ரோகனுமா?"

"ரோகனும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துத் தாய் கையை நீட்டினாள். பிரின்சி அழவில்லை. துணியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

"என்ன யாருன்னு நினைச்சீங்க ஆன்ட்டி?"

வழியெல்லாம் தமயந்தி பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். தாயின் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்பது போல லூர்து மேரி தலையை அசைத்தாள்.

"சின்னப் புள்ளைங்கள ஏமாத்தறதுக்குன்னே சில பெரிய ஆளுங்க வருவாங்க கண்ணு. புள்ள மாதிரியே பேசுவாங்க. கெட்ட பேச்சுப் பேசுவாங்க, வெளிய கூப்பிடுவாங்க. நீ அந்த மாதிரி ஒரு ஆளுன்னு எங்க மெஷின் நினைச்சுது. நாங்களும் கேட்டுப் பாக்காம அத நம்பிட்டோம்."

"அப்ப நெசமாவே கெட்ட ஆளுங்க வந்தா?"

"அவங்களையும் அதே அறைல விடுவோம்."

"அவங்களும் தன்விட்டதான் பேசுவாங்களா?"

"ஆமா."

"கெட்ட பேச்சா?"

"ஆமா, கண்ணு."

பிரின்சி விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். "பாவம் தன்வி," என்றாள்.

அது மனுஷி இல்லை, அதற்கு வலிக்காது என்று சொல்லத் தமயந்தி வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்தப் பொய்க் குழந்தைகளுக்காக யாரும் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்வி இரக்கப்படவே கூடாது என்று விதி எழுதியவள் அவள். அதற்காக இரக்கப்பட்டது இந்தப் பிள்ளை.

புறப்படும்போது லூர்து மேரி வாசல்வரை வந்தாள். "கேஸ் போடுததா வேண்டாமான்னு எங்க வீட்டுக்காரர் கரைக்கு வந்த பிறகு பேசிக்கிடுதேன். நேர்ல வந்து சொன்னீங்க, அது வரைக்கும் சரி." குரலில் இளக்கம் இல்லை.

பிரின்சி மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து கேட்டாள். "ஆன்ட்டி, என்ன மாதிரி தப்பா உள்ள போட்டவங்க வேற யாரும் இருக்காங்களா?"

"தெரியலயே கண்ணு."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

திங்கள்கிழமை காலை தமயந்தி நிர்மலின் அறைக்குப் போய், நிழல் அறையில் இப்போது இருக்கிற ஒவ்வொருவரின் குரலையும் ஒரு மனிதர் கேட்க வேண்டும் என்றாள். இனிமேல் ஒருவரை அங்கே அனுப்புவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

நிர்மல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அந்தப் பேச்சக் கேட்டவங்க என்ன ஆனாங்கன்னு உங்களவிட யாருக்குங்க தெரியும்? கல்பனாவ மறந்துட்டீங்களா? யாரும் கேக்கக் கூடாதுன்னுதான இத்தனையும் செஞ்சோம்."

"மறக்கலீங்க. ஆனா நாம கேக்காம விட்டதுக்கு ஒரு புள்ள விலை குடுத்துடுச்சு. அந்த விலைய நாம குடுக்கறதுதான் நியாயம்."

"மூடிடலாமா? நிழல் அறையே வேண்டாம்னு..."

"மூடினா அந்த ஆளுங்க எல்லாம் நாளைக்கே நிஜப் புள்ளைங்ககிட்ட வந்துருவாங்க. அது உங்களுக்கும் தெரியும்."

நிர்மல் ஒரு காகிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். "எத்தன பேர் வேணும்?"

"மனசார வர்றவங்க வரட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம். ஆளுக்குக் கொஞ்ச நேரந்தான். கேட்டு முடிச்சதும் கூட உக்காந்து பேசறதுக்கு ஒரு டாக்டர் வேணும். முதல் ஆளா நான் உக்காரறேன்."

ஐந்து பேர் முன்வந்தார்கள். தமயந்தி மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேட்டதில் பெரும்பாலானவர்கள் இயந்திரம் சொன்ன ஆட்கள்தான். அதில் ஓர் ஆறுதலும் இல்லை. சில நாட்கள் அவள் வீட்டுக்குப் போனதும் யாரோடும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்ட கணவனிடம் இந்த முறை கொஞ்சம் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மடித்தார்.

ஆனால் அந்தக் குவியலுக்குள் ஆறு குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு சிறுமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது; காதுக்குள் கருவி பொருத்தியபின் பேசக் கற்றவள். ஏற்ற இறக்கம் இல்லாத அவள் பேச்சை, குரலை மறைக்கப் பார்க்கிறவர்களின் பேச்சு என்று இயந்திரம் முடிவு கட்டியிருந்தது. ஆம்பூரைச் சேர்ந்த முபாரக்குக்குப் பதிமூன்று வயது நிறையுமுன்பே குரல் உடைந்துவிட்டது. காலையில் ஒரு குரலும் மாலையில் ஒரு குரலுமாக அலைந்தவன் ஆறு மாதமாக ரோகனோடு விளையாடிக்கொண்டிருந்தான். அவனிடம் உண்மையைச் சொன்னபோது, "அதான் அவனுக்கு ஒரு தடவகூட ஜொரமே வரல," என்றானாம்.

பெற்றோர்களிடம் சம்மதம் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் முதலில் பிரின்சியையும் முபாரக்கையும் ஒரே தீவில் விட்டார்கள். இரண்டு வீடுகளிலும் அம்மாக்கள் பக்கத்தில் இருந்தார்கள். கோவையில் தமயந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். நிர்மலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டு படகுகளும் கரையில் வந்து நின்றன.

"நீ நெசமா?" என்றாள் பிரின்சி.

"நெசந்தான். நீ?"

"நெசம்."

"அதுங்களும் அப்படித்தான் சொல்லும்," என்றான் முபாரக்.

தமயந்தி ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

"உன் வாய்ஸ் ஏன் எங்க மாமு மாதிரி இருக்குது?" என்று முபாரக்கே கேட்டான்.

"உன் வாய்ஸ் மட்டும் என்ன? கதவு கிறீச்சிடுத மாதிரி இருக்கு."

தீவு வெறுமையாக இருந்ததால் இருவரும் ஒரு கலங்கரை விளக்கம் கட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கல்லை அங்கே வை, இங்கே வை என்று அமைதியாகப் போனது. திடீரென்று பிரின்சியின் குரல் உயர்ந்தது.

"ஏய், என்ன செய்யுத? லைட் ஹவுஸக் கொண்டு போய்த் தீவு நடுவுல வைக்க?"

"நடுவுல வெச்சாத்தான் எல்லாப் பக்கமும் வெளிச்சம் தெரியும்."

"கப்பல் பாறைல வந்து மோதாம இருக்கதுக்குல்லா லைட் ஹவுஸ்! பாறை இருக்க ஓரத்துல வைக்கணும்! நீ கடலப் பாத்திருக்கியா?"

"எங்க ஊர்ல ஏது கடலு? அதுக்கு ஏன் கத்தற?"

"கத்தத்தான் செய்வேன்! எங்க அப்பா கப்பல்ல இருக்காங்க, எனக்குத் தெரியாதா? லூசு! எடு அத!"

"நீதான் லூசு! எடுக்க மாட்டேன் போ!"

தமயந்தியின் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின. கடுமையான வாக்குவாதம், இரு பயனரையும் பிரிக்கவா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"பிரிச்சு விட்டுடலாமாங்க?" என்றான் நிர்மல்.

"கொஞ்சம் இருங்க."

அவளுடைய போன் அடித்தது. லூர்து மேரி. பின்னணியில் அதே சண்டை இன்னும் பலமாகக் கேட்டது.

"மேடம், கேக்கீங்களா? எம் பிள்ள கத்துதா." லூர்து மேரிக்கு மூச்சு வாங்கியது. "தன் சத்தம் வெளிய கேட்டுரக் கூடாதுன்னு சண்டைகூடக் கிசுகிசுன்னுதான் போடுவா. ஜன்னல் திறந்து கிடக்கு, தெருவே கேக்குது, அவளுக்கு அந்த நினைப்பே இல்ல."

"தொண்டைக்கு ஆகாதேங்க? டாக்டர் சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரே. நான் வேணும்னா நிறுத்திடட்டுங்களா?"

போனுக்குள் பிரின்சி, முபாரக்குக்குப் பாறை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கரகரத்து, உடைந்து, ஆனால் முழுசாக வந்து விழுந்தது.

"வேண்டாம் மேடம்," என்றாள் லூர்து மேரி. "நான் வெந்நி போட்டு வைக்கேன். கத்தி முடிக்கட்டும்."